சம்பூரில் எரியாத நிலக்கரி



கொஞ்சம் நீளமான பதிவு இது. இஷாவுக்குப் பிறகு ஆறுதலாக வாசியுங்கள்.

மூதூர் இறங்குதுறையில் நின்றால் நேரே எதிரில், குடாவுக்கு அப்பால் திருகோணமலை தெரியும். வலது பக்கம் கரை வளைந்து சம்பூரை நோக்கிப் போகிறது. அந்தத் திசையில் இன்று வானத்தை மறைக்க எதுவும் இல்லை. திட்டமிட்டபடி எல்லாம் நடந்திருந்தால் அங்கே உயரமான ஒரு புகைபோக்கி நின்றிருக்கும். அதன் அடியில் 250 மெகாவாட் வீதம் இரண்டு இயந்திரங்கள் இரவு பகலாக நிலக்கரியை எரித்துக்கொண்டிருக்கும்.

இன்று எங்கள் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளிடம் "சம்பூர் அனல்மின் நிலையம்" என்று சொன்னால், "அது எங்க இருக்கு சேர்?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கட்டப்படாத ஒன்றுக்கு யாரும் பெயர்ப்பலகை நடுவதில்லை. ஆனால் இலங்கையில் நிலக்கரியால் வரும் காபனீரொட்சைட்டைக் குறைத்த வரலாற்றை யாராவது எழுதினால், அதன் மிகப் பெரிய அத்தியாயம் எங்கள் கண்ணுக்கு எட்டிய தூரத்தில்தான் நடந்தது. அதை நாங்கள் மறந்துவிட்டோம். சிலருக்கு அது தெரியவே தெரியாது.

திருகோணமலைக்கும் நிலக்கரிக்கும் உறவு பழையது. நீராவிக் கப்பல் காலத்தில் பிரித்தானியக் கடற்படைக்கு இந்தத் துறைமுகத்தில் கரி தேவைப்பட்டது. பிறகு அந்தக் கடற்படை கரியை விட்டு எண்ணெய்க்கு மாறியது. அந்த மாற்றத்தின் அடையாளம்தான் சீனக்குடாவில் காட்டுக்குள் நிற்கும் அந்தப் பெரிய எண்ணெய்த் தாங்கிகள். 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் குண்டு போட்ட கதையோடுதான் எங்கள் மூத்தவர்கள் அவற்றைப் பற்றிச் சொல்வார்கள். அவை கரியின் காலம் முடிந்ததற்கான அடையாளம் என்று யாரும் சொல்லித் தந்ததில்லை. அந்தக் காலம் முடிந்து அரை நூற்றாண்டு கழித்து, அதே துறைமுகத்தைத் தேடி நிலக்கரி திரும்பி வரப் பார்த்தது.

ஏன் வந்தது? அதை விளங்கிக்கொள்ள மலைநாட்டுக்குப் போக வேண்டும்.

இலங்கையின் மின்சாரம் நீரில் பிறந்தது. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே நீர்மின் திட்டத்தைப் பற்றிக் கட்டுரை வாசித்தார். லக்சபான 1950இல் இயங்கத் தொடங்கியது. 1980களில் மகாவலித் திட்டத்தில் விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல என்று வரிசையாக அணைகள் வந்தன. அந்த மகாவலிதான் கடைசியில் எங்கள் கொட்டியாரக் குடாவில் வந்து விழுகிறது. அதில் பிறந்த மின்சாரம் எங்கள் ஊருக்கு எத்தனை காலம் கழித்து, எத்தனை தடவை அறுந்து அறுந்து வந்தது என்பது வேறு கதை.

1990களின் நடுப்பகுதி வரை நாட்டின் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் நீரிலிருந்துதான் வந்தது. மழை பெய்தால் கரண்ட், பெய்யாவிட்டால் இருட்டு. 1996இல் பெரிய வரட்சி. நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு. மழை தேடித் தொழுதோம். அணைகள் கட்டப் பெரிய ஆறுகள் இனி இல்லை என்பதும், மழையை மட்டும் நம்பி நாட்டை நடத்த முடியாது என்பதும் அந்த வருடம் எல்லோருக்கும் உறைத்தது. அன்று மின்சார சபையின் பொறியியலாளர்கள் சொன்ன தீர்வு நிலக்கரி. அவர்களைக் குறை சொல்ல முடியாது. டீசலை விட அது மலிவு. அந்தக் காலத்தில் சூரிய மின்கலம் என்பது கணக்குப் பொறியில் பார்த்த சாமான். வேறு எதை அவர்கள் சொல்லியிருக்க முடியும்?

உண்மையில் நிலக்கரித் திட்டம் 1996க்கும் முந்தியது. 1980களிலேயே முதல் இடமாகத் திருகோணமலையைத்தான் பார்த்தார்கள். காரணம் இலேசானது. கரி இந்த நாட்டில் இல்லை, கப்பலில் வர வேண்டும். பெரிய கப்பல் கரைக்குக் கிட்ட வரக்கூடிய ஆழமான இயற்கைத் துறைமுகம் இதுதான். யுத்தமும் சுற்றாடல் எதிர்ப்பும் அதை நிறுத்தின. பிறகு தெற்கே மாவெல்ல என்ற கடற்கரையைப் பார்த்தார்கள். அங்கும் எதிர்ப்பு. மூன்றாவதாகத்தான் புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை. (கிழக்கில் நுரைச்சோலை என்றதும் அக்கரைப்பற்றில் சவூதி உதவியில் கட்டிப் பூட்டிக்கிடந்த சுனாமி வீடுகள்தான் பலருக்கு ஞாபகம் வரும். இது அதுவல்ல. இது கற்பிட்டிக் குடாநாட்டில் இருக்கிறது.)

நுரைச்சோலையிலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. தலவில புனித அன்னம்மாள் தேவாலயம் கிட்ட இருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை கடுமையாக எதிர்த்தது. இடையில் ஓர் அரசாங்கம் திட்டத்தை நிறுத்தியும் வைத்தது. ஆனால் 2006 மே மாதம் வேலை தொடங்கியது. சீனாவின் எக்சிம் வங்கிக் கடன், சீனக் கம்பனி. 2011 மார்ச்சில் முதல் இயந்திரம், 2014 செப்டெம்பருக்குள் மற்ற இரண்டும். ஒவ்வொன்றும் 300 மெகாவாட். மொத்தம் 900. "லக்விஜய" என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குடாநாட்டில் இருப்பவர்களில் எங்கள் சமூகமும் நிறையப் பேர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு அங்கே ஓலைக் கொட்டிலில் வாழ்க்கையைத் தொடங்கிய குடும்பங்களும் அதில் அடக்கம். நிலக்கரித் தூசி தோட்டத்தில் படிகிறது, கிணற்றில் விழுகிறது என்ற அவர்களுடைய முறைப்பாடு வருடா வருடம் செய்தியில் வரும். கச்சான் காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிப்பதால் கப்பலிலிருந்து கரி இறக்க முடியாது. ஆகவே செப்டெம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் இறக்கி, மற்ற மாதங்களுக்கும் சேர்த்துக் கரையில் மலை மலையாகக் குவித்து வைக்க வேண்டும். அந்தக் கரிமலையில் காற்றடித்தால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

இப்போது சம்பூருக்கு வருவோம்.

2006ஆம் ஆண்டை எங்கள் பகுதியில் வாழ்ந்த யாரும் மறக்கமாட்டார்கள். ஏப்ரலில் சம்பூர்ப் பக்கம் குண்டு விழத் தொடங்கியது. சம்பூர், கடற்கரைச்சேனை, கூனித்தீவு, சூடைக்குடா மக்கள் எல்லாவற்றையும் விட்டு ஓடினார்கள். ஓகஸ்ட் மாதம் எங்கள் முறை. மூதூரே காலியாகிக் கந்தளாயை நோக்கி நடந்தது. நாங்கள் சில வாரங்களில் திரும்பி வந்துவிட்டோம். சம்பூர் மக்களுக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. செப்டெம்பரில் இராணுவம் சம்பூரைக் கைப்பற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் இலங்கையும் இந்தியாவும் திருகோணமலையில் நிலக்கரி மின்நிலையம் கட்டுவது பற்றி உடன்படிக்கை செய்தன. அடுத்த வருடம் மே மாதம் சம்பூரும் மூதூர் கிழக்கும் உயர் பாதுகாப்பு வலயம் என்று வர்த்தமானி வந்தது. அந்த மக்கள் கிளிவெட்டி முகாமில் தகரக் கொட்டிலுக்குள் இருக்கும்போதே, அவர்களுடைய வயலும் மேய்ச்சல் தரையும் வரைபடத்தில் மின்நிலையமாகவும் கைத்தொழில் வலயமாகவும் மாறிவிட்டன.

2011இல் இலங்கை மின்சார சபையும் இந்தியாவின் தேசிய அனல்மின் கூட்டுத்தாபனமும் சரிபாதிப் பங்கில் ஒரு கூட்டுக் கம்பனி தொடங்கின. 2013 ஒக்டோபரில் முக்கிய ஒப்பந்தங்கள் கைச்சாத்தாகின. மின்நிலையம் வருவது முடிந்த முடிவு என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த இடத்தில் எங்களைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லாமல் போக முடியாது. அந்த வருடங்களில் மூதூர் முஸ்லிம்களாகிய நாங்கள் இதைப் பற்றிப் பெரிதாக வாய் திறக்கவில்லை. "அது அவங்கட காணிப் பிரச்சினை" என்று இருந்தோம். எங்களுக்கும் ஆறாத காயங்கள் இருந்தன, அதை மறுக்கவில்லை. இருந்தாலும் பக்கத்து ஊர்க்காரன் ஒன்பது வருடம் முகாமில் இருந்தபோது எங்கள் கூட்டங்களில் அது ஒரு தலைப்பாக வந்ததா என்று கேட்டால், எங்களிடம் நல்ல பதில் இல்லை. சிலர் "மின்நிலையம் வந்தால் வேலை கிடைக்கும்" என்று விண்ணப்பம் எழுதவும் தயாராக இருந்தார்கள். வேலையில்லாத பிள்ளை வீட்டில் இருந்தால் யாரும் அப்படித்தான் யோசிப்பார்கள்.

எங்கள் யோசனையைத் திருப்பியது காற்று. சம்பூர் எங்களுக்கு வடகிழக்கில் இருக்கிறது. கச்சான் அடிக்கும்போது புகை கடலுக்குப் போகும். வாடைக்காற்று தொடங்கினால் அது நேராக மூதூருக்கு மேலாகத்தான் வரும். நவம்பரிலிருந்து மாரி முழுவதும் இப்படித்தான். இதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை, தோணிக்காரர் யாரிடம் கேட்டாலும் சொல்லுவார். கடற்றொழிலாளர்களுக்கு இன்னொரு பயம் இருந்தது. இயந்திரத்தைக் குளிராக்கக் குடாவின் நீரை இழுத்து, சூடாக்கித் திரும்பக் குடாவிலேயே விடுவார்கள். கொட்டியாரக் குடா ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடம். மீன் குஞ்சும் இறால் குஞ்சும் வளரும் இடம். மூதூரும் கிண்ணியாவும் சம்பூரும் அந்த ஒரே தண்ணீரில்தான் வலை போடுகின்றன.

2015இல் அரசாங்கம் மாறியது. கைத்தொழில் வலயத்துக்கென்று எடுத்த 818 ஏக்கரை விடுவிக்கும் அறிவிப்பு வந்தது. சம்பூர் மக்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். வீடு இருந்த இடத்தில் காடு. கிணற்றைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஆனால் மின்நிலையத்துக்கு எடுத்த காணி மட்டும் வேலிக்குள்ளேயே இருந்தது. திரும்பி வந்தவர்கள் நிலக்கரிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களாகப் போகிறோம் என்பதை அப்போதுதான் நேரில் பார்த்தார்கள். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கையும் அந்தக் காலத்தில்தான் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. பிறகு கூட்டங்கள், கையெழுத்துகள், வீதியில் பதாகைகள். இந்த முறை தமிழ் ஊர், முஸ்லிம் ஊர் என்று பிரித்துப் பார்க்க இடமில்லாமல் போனது.

சுற்றாடல் மன்றம் ஒன்று உயர் நீதிமன்றத்துக்குப் போனது. 2016 செப்டெம்பரில் சட்டமா அதிபர் சார்பில் நீதிமன்றத்துக்கு ஒரு அறிவிப்பு வந்தது: சம்பூரில் நிலக்கரி மின்நிலையம் கட்டப்படமாட்டாது. அவ்வளவுதான். பத்து வருடத் திட்டம் ஒரு வசனத்தில் முடிந்தது. அதில் மக்களின் எதிர்ப்புக்கு எவ்வளவு பங்கு, கொழும்பு டில்லி அரசியலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம். இரண்டும் இருந்தன. நாங்கள்தான் நிறுத்தினோம் என்று மார்தட்டவும் வேண்டாம், எங்களுக்கு ஒரு பங்கும் இல்லை என்று ஒதுங்கவும் வேண்டாம்.

இனி கணக்கு. இது இல்லாமல் இந்தப் பதிவுக்கு அர்த்தமில்லை.

நுரைச்சோலையின் 900 மெகாவாட்டுக்கு வருடம் சுமார் 22.5 இலட்சம் தொன் நிலக்கரி தேவை. அந்த விகிதத்தில் சம்பூரின் 500 மெகாவாட்டுக்கு 12.5 இலட்சம் தொன். பத்தில் ஒரு பங்கு சாம்பல் என்று வைத்தாலும் வருடம் ஒன்றேகால் இலட்சம் தொன் சாம்பல். அதை எங்கள் பக்கத்தில் எங்கோதான் கொட்டியிருக்க வேண்டும்.

சாம்பல் கண்ணுக்குத் தெரியும். காபனீரொட்சைட்டு தெரியாது. தரம் 10 இரசாயனத்தில் படிப்பதுதான்: 12 கிராம் காபன் எரிந்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு வரும். எரிந்தது குறைந்துபோகும் என்றுதான் பிள்ளைகள் நினைப்பார்கள். உண்மையில் காற்றிலிருந்து ஒட்சிசனைச் சேர்த்துக்கொண்டு அது கூடிவிடுகிறது. நிலக்கரியில் மூன்றில் இரண்டு பங்கு அளவு காபன் என்று வைத்தால், ஒரு தொன் கரி எரிய ஏறக்குறைய 2.4 தொன் காபனீரொட்சைட்டு. 12.5 இலட்சத்தை 2.4ஆல் பெருக்கினால் வருடம் 30 இலட்சம் தொன். இன்னொரு வழியிலும் போட்டுப் பார்க்கலாம். நிலக்கரியில் ஒரு யூனிட் கரண்ட் எடுக்க ஏறக்குறைய ஒரு கிலோ காபனீரொட்சைட்டு வெளியாகும். 500 மெகாவாட் நிலையம் வருடத்தில் முக்கால்வாசி நேரம் ஓடினால் சுமார் 328 கோடி யூனிட். அதாவது 33 இலட்சம் தொன்னுக்குக் கிட்ட. இரண்டு வழியிலும் விடை பக்கத்துப் பக்கத்தில் வருகிறது. இப்படியான நிலையம் 30 வருடம் ஓடும். 30 இலட்சத்தை 30ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள். ஒன்பது கோடி தொன்.

இதில் ஒரு திருத்தம் சொல்ல வேண்டும். இவ்வளவும் முழுசாக மிச்சம் என்று எழுதினால் அது பொய். சம்பூர் வராததால் இருந்த மின்சார இடைவெளியில் ஒரு பகுதியை டீசலும் உலை எண்ணெயும் எரித்துத்தான் நிரப்பினார்கள். அதிலும் புகை உண்டு, யூனிட்டுக்கு நிலக்கரியை விடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவே. விலையோ பல மடங்கு. 2019 மார்ச்சில் மின்வெட்டு. 2022இல் ஒரு நாள் 13 மணித்தியாலம் இருட்டில் இருந்தோம். பரீட்சைக்குப் படித்த பிள்ளைகள் மெழுகுதிரியோடு இருந்ததைப் பார்த்தோம். அப்போது தேத்தண்ணிக் கடையில் ஒருவர் சொன்னார்: "சம்பூரை விட்டிருந்தா இந்த நிலை வந்திருக்காது." அவர் ஊருக்கு எதிரானவர் அல்ல. அவருடைய கேள்விக்குப் பதில் சொல்லும் கடமை எங்களுக்கு உண்டு. பதில் இதுதான்: 2022இல் இல்லாமல் போனது டொலர். டீசலைப் போல நிலக்கரியும் டொலருக்குத்தான் வருகிறது. அந்த வருடம் நுரைச்சோலைக்கே அடுத்த கப்பல் வருமா என்று நாடு பயந்துகொண்டிருந்தது. சம்பூரும் இருந்திருந்தால் கப்பலுக்குக் காத்திருக்கும் நிலையங்கள் இரண்டாகியிருக்கும்.

"சுத்தமான நிலக்கரி" என்று ஒன்று இருக்கிறதே, அதைச் செய்திருக்கலாமே என்று கேட்பவர்களும் உண்டு. இந்தச் சொல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. புகைபோக்கியில் பூட்டும் கருவிகளில் ஒரு வகை சாம்பல் தூசியைப் பிடிக்கும், இன்னொரு வகை கந்தக வாயுவைக் கடல் நீரில் கழுவும். நுரைச்சோலையில் இரண்டும் இருக்கின்றன. சுவாசப்பைக்கு அவை நல்லது. ஆனால் காபனீரொட்சைட்டை அவை தொடுவதேயில்லை. அதைக் குறைக்க வேண்டுமானால் குறைந்த கரியில் கூடிய மின்சாரம் தரும் உயர் அழுத்தக் கொதிகலன் போட வேண்டும். அதில் கிடைப்பது சிறு குறைவுதான். இல்லாவிட்டால் வாயுவையே பிடித்துப் பூமிக்குள் அடைக்க வேண்டும். கனடாவின் பவுண்டரி டாம் நிலையத்தில் 2014இலிருந்து ஓர் இயந்திரத்தில் அதைச் செய்கிறார்கள். அந்த வேலைக்கே அந்த இயந்திரத்தின் மின்சாரத்தில் கணிசமான பங்கு போய்விடுகிறது. பணக்கார நாடுகளே ஒன்றிரண்டோடு நிற்கும் விடயத்தைக் கடனில் கட்டும் நாம் எங்கே செய்வது?

பெரிய அளவில் குறைத்துக் காட்டிய நாடுகள் மூடித்தான் குறைத்தன. உலகில் முதன்முதலாகப் பொதுமக்களுக்கு நிலக்கரி மின்சாரம் கொடுத்த நகரங்களில் இலண்டனும் ஒன்று. ஹோபர்ன் வயடக்ட் நிலையம், 1882. 2012இல்கூட பிரித்தானியாவின் மின்சாரத்தில் ஐந்தில் இரண்டு பங்கு கரியிலிருந்து வந்தது. 2024 செப்டெம்பர் 30ஆம் திகதி ராட்கிளிஃப் என்ற கடைசி நிலையத்தையும் மூடிவிட்டார்கள். எங்கள் துறைமுகத்துக்குக் கரியைக் கொண்டுவந்த அதே நாடு. அவர்கள் 142 வருடம் எரித்து முடித்துவிட்டு மூடினார்கள். நாங்கள் 2011இல்தான் ஆரம்பித்தோம். இதில் உள்ள அநியாயத்தைப் பற்றி இன்னொரு பதிவே எழுதலாம்.

2016உடன் கதை முடிந்துவிடவில்லை. சம்பூர் போனாலும் மின்சார சபையின் நீண்டகாலத் திட்டத்தில் நிலக்கரி இருந்துகொண்டே இருந்தது. பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவுக்கும் சபையின் பொறியியலாளர்களுக்கும் 2017இல் அது பெரிய இழுபறி. 2020இல் நுரைச்சோலைக்கு நான்காவது இயந்திரம் போடும் பேச்சு வந்தது. 2021இல்தான் நாடு உலகத்துக்கு முன்னால் வாக்குக் கொடுத்தது: புதிய நிலக்கரி நிலையம் இல்லை, 2030க்குள் மின்சாரத்தில் 70 வீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து, 2050இல் காபன் நடுநிலை. "இனி நிலக்கரி இல்லை" என்ற சர்வதேச உடன்பாட்டைத் தொடங்கிய சில நாடுகளில் இலங்கையும் ஒன்று. அந்த வாக்கைக் கொடுக்க எங்களால் முடிந்ததற்கு ஒரு காரணம், கட்டி முடித்த சம்பூர் ஒன்று கையில் இல்லாததுதான். கட்டியிருந்தால் கடனை அடைக்கவாவது எரித்துக்கொண்டிருக்க வேண்டும்.

அதே நேரம் இன்றைக்கும் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நுரைச்சோலையிலிருந்துதான் வருகிறது. 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்து நாடே இருண்டது நினைவிருக்கும். எல்லோரும் குரங்கைப் பற்றிப் பகிடி விட்டோம். அதற்குப் பிறகு நுரைச்சோலையின் மூன்று இயந்திரங்களும் நின்றுபோய், சில நாள் மின்வெட்டு வந்ததுதான் பெரிய விடயம். ஒரே இடத்தில் இவ்வளவு தங்கியிருக்கிறோம்.

இப்போது அதே சம்பூரில், அதே இந்தியக் கூட்டுத்தாபனத்தோடும் மின்சார சபையோடும், சூரிய மின்நிலையம் வருகிறது. 2022 மார்ச்சில் ஒப்பந்தம், 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியப் பிரதமரும் எங்கள் ஜனாதிபதியும் இணையவழியில் வேலையைத் தொடக்கிவைத்தார்கள். 120 மெகாவாட். சந்தோசம்தான். ஆனால் இங்கும் கணக்குப் போடாமல் கைதட்டக் கூடாது. சூரியன் இரவில் இல்லை, மாரியில் பாதி நாள் முகிலுக்குள். ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவான நேரம் முழு அளவில் ஓடுவதாக எடுத்தால் வருடம் சுமார் 19 கோடி யூனிட். நிலக்கரி நிலையம் தந்திருக்கக்கூடிய 328 கோடியோடு ஒப்பிட்டால் பதினேழில் ஒரு பங்கு. மிச்சத்தை வேறு இடங்களில் காற்றாலையும், வீட்டுக் கூரைகளும், இரவுக்குச் சேமித்துத் தரும் மின்கலங்களும் தர வேண்டும். கரியை நிறுத்தியதைவிடக் கஷ்டமான பகுதி இதுதான்.

இன்னொன்று. சூரியத் தகடு விரியப் போவதும் அதே மக்களிடமிருந்து 2006க்குப் பிறகு எடுத்த நிலத்தில்தான். அங்கே மாடு மேய்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கரிக்கு எடுத்த காணியில் வெயில் பிடித்தால், காணிக் கேள்வி தானாகத் தீர்ந்துவிடாது. 2007இல் நாங்கள் கேட்காமல் விட்ட கேள்வி அது. வேலைவாய்ப்பில் மூதூருக்கு எத்தனை என்று கேட்பதற்கு முன்பு, மேய்ச்சல் தரைக்கு என்ன ஏற்பாடு என்று இந்த முறை கிளிவெட்டி, சேனையூர், கட்டைபறிச்சான் ஆட்களோடு சேர்ந்து கேட்போமா?

உயர்தரப் பிள்ளைகள் சிலரோடு சேர்ந்து இந்த வரலாற்றை ஒரு சிறு கையேடாக எழுதத் தொடங்கியிருக்கிறோம். 1980களில் திருகோணமலைக்கு வரவிருந்த முதல் திட்டத்தைப் பற்றி ஞாபகம் உள்ளவர்கள், 2015–2016 கூட்டங்களுக்குப் போனவர்கள், துண்டுப்பிரசுரம், படம், பத்திரிகை நறுக்கு வைத்திருப்பவர்கள் இருந்தால் கீழே எழுதுங்கள், அல்லது உள்பெட்டிக்கு அனுப்புங்கள். கணக்கில் பிழை இருந்தாலும் சொல்லுங்கள், திருத்துவோம். சம்பூர்ப் பக்கத்து நண்பர்கள் யாராவது இதை வாசித்தால், 2015இல் திரும்பி வந்த முதல் நாள் உங்கள் காணியில் என்ன பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கையேட்டின் முதல் பக்கத்தை அதற்காக வெறுமையாக விட்டிருக்கிறோம்.